சித்தியின் முயலைப் பிடித்த கோடை

மதுரையில் என் பேத்தி ஒரு முயல் வளர்க்கிறாள். வளர்க்கட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் அதற்கு நகம் வெட்டவேண்டும் என்றால் வீட்டில் மூன்று பேர் செல்போனில் வீடியோ போட்டுக்கொண்டு அதைச் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். போன மாதம் நான் போயிருந்தபோது, நீங்கள் ஊரில் வளர்ந்தவர்தானே, ஒரு நிமிடம் பிடித்துக்கொள்ளுங்களேன் என்று மருமகள் என்னைக் கூப்பிட்டாள். முடியாது என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். முயல் கடிக்கும் என்று பாட்டிக்குப் பயம் என்று பேத்தி சிரித்தாள்.

என் வயதுக்காரர்களே, நம் காலத்தில் நாமெல்லாம் எதற்கும் பயப்படாமல் வளர்ந்தோம் என்று பிள்ளைகளிடம் பீற்றிக்கொள்கிறோம் அல்லவா, அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுக் கேளுங்கள். எனக்கு முயல் பிடிக்கத் தெரியும். கம்பம் பள்ளத்தாக்கில் என்னைவிட நன்றாகப் பிடிக்கத் தெரிந்த ஆள் அந்தக் கோடையில் இன்னொருத்தர்தான் இருந்தார். அது என் சித்தி.

சித்தி என்றால் சித்தப்பாவின் மனைவி. சித்தப்பா ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் ஓட்டினார். விடியுமுன் கம்பத்திலிருந்து குமுளி மலையேறி, விளக்கு வைக்கிற நேரத்தில் இறங்கி வருவார். ஒரு தை மாதம் ஏறிப்போனவர் இறங்கவில்லை. மேலேயே ஒரு குடும்பம் ஆகிவிட்டது என்று சொன்னார்கள். யார் சொன்னது என்று கேட்டால் எல்லோரும் அடுத்த ஆளைக் காட்டினார்கள். சித்திக்கு அப்போது இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். பிள்ளை இல்லை. வடுகபட்டியில் அவளுடைய அண்ணன் வீடு இருந்தும் போகாமல், எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையில் இருந்தாள். காலையில் தோட்டத்துக்கு வந்து அம்மாவோடு திராட்சைக் குலை வெட்டுவாள். அதிகம் பேசமாட்டாள். அவள் பேசாமல் இருப்பதைப் பற்றி மற்றவர்கள் நிறையப் பேசினார்கள்.

பங்குனிக் கடைசியில் ஒரு ஜீப்காரர் எங்கள் வாசலில் திராட்சைப் பெட்டி ஒன்றை இறக்கினார். நம் பக்கத்து மரப்பெட்டி, பலகைக்குப் பலகை விரலிடை விட்டு அடித்தது. சித்தப்பா கொடுத்துவிட்டதாகவும் வீட்டில் வைத்திருக்கச் சொன்னதாகவும் சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியை எடுத்துவிட்டார். உள்ளே சிவந்த கண்ணோடு ஒரு வெள்ளை முயல் இருந்தது. கடுதாசி ஒன்றும் இல்லை. அப்பா பெட்டிக்கு அடியில் விரித்திருந்த மலையாளப் பேப்பரைக்கூட எடுத்துப் பார்த்தார். முயலை அனுப்பினவன் பின்னாலேயே வந்துவிடுவான் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. தெருவிலோ, புருசன் வராவிட்டால் என்ன, முயல் வந்துவிட்டதே என்று ஒரு கேலி ஓடியது. சித்தி காதிலும் அது விழுந்தது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

முயல் சாதுவான பிராணி என்று பாடப்புத்தகத்தில் எழுதியவர் எங்கள் வீட்டு முயலைப் பார்த்ததில்லை. கிட்டே போனால் பின்னங்காலால் தரையை டப்பென்று அடிக்கும். கையை நீட்டினால் உறுமும். முயல் உறுமும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். தூக்கினால் கடி. அந்தக் காலத்தில் முயல் என்றால் காதைப் பிடித்துத்தான் தூக்கவேண்டும் என்று ஊரே தெரிந்து வைத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எங்களைத் தூக்கியதும் அப்படித்தான், அதனால் யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் நான் பிடிக்கிறேன் பார் என்று சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு காதைப் பிடிப்பார்கள். ரத்தம் சொட்டச் சொட்டக் கையை உதறுவார்கள். சித்தி மஞ்சள்பொடியைக் கொண்டுவந்து வைப்பாள்.

கடைசியில் அப்பாவின் கட்டைவிரலையே பதம் பார்த்துவிட்டது. நகக்கண்ணில் நல்ல ஆழம். அவர் விரலைத் துணியால் சுற்றிக்கொண்டே எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னார்.

"வைகாசிச் சாமி கும்பிடுக்கு விருந்தாளுக வருவாக. அதுக்குள்ள இது அமரலேன்னா கொழம்புச் சட்டிக்குத்தான் போகும்."

சித்தி அப்பாவிடம் நேராகப் பேசமாட்டாள், புருசனுக்கு மூத்தவர் என்கிற மரியாதை. அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"அக்கா, அது சட்டிக்குப் போனா மறுநா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்னு சொல்லிருங்க."

அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. அம்மா பயந்துபோய் என்னைப் பார்த்தாள். இருபது நாள் இருந்தது சாமி கும்பிடுக்கு.

மறுநாள் எங்கள் மாட்டுக்கு ஊசி போட மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் வந்தார். கண்ணாடி ஊசிக்குழலை எவர்சில்வர் டப்பாவில் போட்டுச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவாரே, அந்த மாதிரி ஆள். சித்தி அவரைக் கொல்லைக்குக் கூப்பிட்டு முயலைக் காட்டினாள். அவர் காதைப் பிடிக்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே காய்ந்த டீத்தூள் மாதிரிப் பழுப்புப் பொருக்கு அடைந்து கிடந்தது. காதுச் சொறி. எத்தனையோ நாளாக இருந்திருக்கிறது.

"நோவுற காதைப் புடிச்சு ஊரே தூக்கினா, கடிக்காம என்ன செய்யும்? நீங்களா இருந்தா சும்மா இருப்பீகளா?" என்றார்.

எனக்கு முகத்தில் அறைந்தமாதிரி இருந்தது. நானும் இரண்டு முறை தூக்கியிருக்கிறேன்.

ஒரு சின்னச் சீசாவில் எண்ணெய் மாதிரி ஒன்று கொடுத்தார். ஒருநாள் விட்டு ஒருநாள், காதுக்கு மூன்று சொட்டு. ஊற்றுவது பெரிய வேலையில்லை, பிடிப்பதுதான் வேலை என்று சொல்லி, சித்தியின் பழைய சுங்குடிச் சேலையில் பாதியைக் கிழித்துத் தரையில் விரிக்கச் சொன்னார். ஒரு கையை நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, அதே நேரத்தில் மறு கையால் பிட்டத்தை ஏந்தி, உடம்போடு ஒட்டித் தூக்கினார். துணியின் நடுவில் வைத்து இந்தப் பக்கம் ஒரு மடிப்பு, அந்தப் பக்கம் ஒரு மடிப்பு, பின்பக்கத்தை உள்ளே செருகல். தலையும் காதும் மட்டும் வெளியே. பச்சைப்பிள்ளையைச் சுற்றுகிறமாதிரிதான், ஆனால் மூச்சு வாங்க இடம் விட்டு. மல்லாக்கப் போடாதே, போட்டால் அசையாமல் கிடக்கும், தூங்குகிறது என்று நினைத்துவிடாதே, அது உயிர்ப்பயம் என்றார். எல்லாவற்றையும்விடப் பின்னங்கால் முக்கியம். கால் அந்தரத்தில் நின்றால் அது உதைக்கும். உதைத்த வேகத்தில் அதன் முதுகெலும்பு அதற்கே முறிந்துபோகும்.

"வேற யாரும் கொல்ல வேண்டியதில்ல. பயத்துல அது தன்னைத் தானே முறிச்சுக்கிரும்."

அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. பிடிக்கிறவள் நான், ஊற்றுகிறவள் சித்தி என்று முடிவாகியிருந்தது. அவளுக்கு இரண்டு கை போதவில்லை, அம்மாவுக்கு முயல் என்றாலே நடுக்கம், ஆகப் பத்து வயதுக்காரி நான்தான் மிச்சம்.

மருந்து ஊற்றுகிற காலைகள் ஒவ்வொன்றும் பரீட்சை நாள் மாதிரி விடியும். நாங்கள் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டுச் சேலைத்துணியை விரிப்போம். பெட்டியைத் திறந்ததும் டப், டப் என்று தரை அதிரும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை உள்ளே விடுவேன். சித்தி என் காதருகே குனிந்து, "பின்னங்காலை விட்ராத ஆத்தா, பின்னங்காலை விட்ராத" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். என்னிடம் சொன்னாளா முயலிடம் சொன்னாளா தெரியாது. முதல் நாள் என் முன்கையில் நான்கு கோடு கிழித்தது. இரண்டாம் தடவை ஒரு கால் நழுவி உதைத்தது. உள்ளே ஏதோ மளுக்கென்ற மாதிரி இருந்தது. இருவரும் அப்படியே உறைந்துபோனோம். சித்தி அதைத் தரையில் விட்டாள். அது நான்கடி ஓடி நின்று எங்களைத் திரும்பிப் பார்த்து உறுமியது. அந்த உறுமலைக் கேட்டுச் சித்தி சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவளுக்குப் பல்வரிசை அவ்வளவு அழகு என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இன்னொருநாள் பெட்டியின் பலகை இடுக்கில் மாட்டி முயலின் நகம் பிய்ந்து ரத்தம் ஒழுகியது. நான் முச்சந்தி டீக்கடைக்கு ஓடினேன். கம்பவுண்டர் காலையில் ஒன்பதரைக்கு அங்கேதான் இருப்பார், அப்பாவும் இன்னும் நாலைந்து பேரும் இருப்பார்கள். "முயலுக்கா? சாயங்காலம் பாக்கலாம் போம்மா" என்றார் கம்பவுண்டர். அப்பா சிரித்தார். கடையே சிரித்தது. அவர் சாயங்காலமும் வரவில்லை. சித்திதான் மஞ்சளை அப்பி ரத்தத்தை நிறுத்தினாள்.

ஆறேழு தடவைக்குப் பிறகு பொருக்கு உதிர்ந்து காது உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிய ஆரம்பித்தது. முயல் துணிக்குள் வந்ததும் தலையை என் கக்கத்தில் செருகிக்கொள்ளும். அதன் நெஞ்சு என் விலாவில் படபடவென்று அடிக்கும், ஆனால் கடிக்கவில்லை. சாமி கும்பிடுக்கு நான்கு நாள் இருந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை ஊற்றினால் முடிந்தது என்று சித்தி விரல்விட்டு எண்ணினாள்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் மருந்து என்றால் திராட்சைக் கொடிக்கு அடிக்கிற மருந்துதான். மனிதர்கள் தின்பதெல்லாம் மாத்திரை. தோட்டத்தில் இலையெல்லாம் மயில்துத்தம் படிந்து நீலம் பாரித்துக் கிடக்கும், மோட்டார் ரூமுக்குள் போனால் நாற்றம் தொண்டையைப் பிடிக்கும். பெரியவர்கள் குரலைத் தாழ்த்தி, இன்னார் வீட்டில் இன்னாள் மருந்து குடித்துவிட்டாள் என்று சொன்னால், அது எந்த மருந்து, அப்புறம் என்ன நடக்கும் என்பதெல்லாம் எங்களுக்குப் பத்து வயதிலேயே தெரியும். நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும்தானே.

அந்தக் கடைசி நாள் சேலைத்துணி துவைத்து ஈரமாகக் கிடந்தது. வேறு துணி கொண்டுவா என்றாள் சித்தி. கொல்லைக் கொடியில் ஒரு தேங்காய்ப்பூத் துண்டு காய்ந்தது. எடுத்து விரித்தேன். முயலைச் சுற்றினேன். சுங்குடியைவிடத் தடிமன், நன்றாகப் பிடி கிடைத்தது என்று எனக்குச் சந்தோஷம்கூட. முயல் துண்டின் ஓரத்தை நக்கியது, கடித்தது. சித்தி ஒரு காதுக்கு ஊற்றி மறு காதுக்குச் சீசாவைச் சாய்க்கும்போது, முயலின் வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. உடம்பு துணிக்குள் உதறியது. அப்புறம் தலை தொங்கியது.

சித்தி துண்டைப் பிரித்து மோந்தாள். மருந்தடிக்கிற ஆள் முதல்நாள் மூக்கில் கட்டியிருந்த துண்டு. சிந்தின மருந்தையும் அதிலேயே துடைத்திருக்கிறார். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"கம்பவுண்டரைக் கூட்டியா. ஓடு."

ஓடினேன். டீக்கடை எவ்வளவு தூரம், ஒரு ஃபர்லாங்கு இருக்குமா? கம்பவுண்டர் கிளம்புவதற்குச் சைக்கிளில் கால் போட்டிருந்தார். நான் போய் நின்று மூச்சிரைக்கச் சொன்னது இவ்வளவுதான்.

"சித்தி... மருந்து..."

டம்ளர்கள் பெஞ்சில் விழுகிற சத்தம் கேட்டது. அப்பா செருப்பில்லாமல் ஓடினார். கம்பவுண்டர் சைக்கிளை மிதித்தார். யாரோ காருக்குச் சொல்லியனுப்பு என்று கத்தினார். நான் அவர்களுக்குப் பின்னால் ஓடி வீடு வந்து சேர்வதற்குள் தெருவுக்குத் தெரிந்து, கொல்லை நிறையப் பெண்கள்.

சித்தியைத் தரையில் தள்ளி மல்லாக்கப் படுக்கவைத்திருந்தார்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு கை. ஒருத்தி தொடைமேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். அம்மா அழுதுகொண்டே தாடையை அழுத்திப் பிடித்திருக்க, ஒருத்தி சோப்புத் தண்ணீரைச் செம்போடு வாயில் கவிழ்த்தாள். அப்படிச் செய்வது பெரிய ஆபத்து என்று இப்போது எல்லா ஆஸ்பத்திரியிலும் சொல்கிறார்கள், அன்று அதுதான் வைத்தியம். சித்தி தலையை இங்கும் அங்கும் திருப்பினாள். "நான் குடிக்கல, நான் குடிக்கல" என்று தண்ணீருக்கு நடுவே கத்தினாள். எல்லாரும் அப்படித்தான் சொல்வாக, விடாதே பிடி என்றார்கள். அவள் அம்மாவின் விரலைக் கடித்தாள். புடவை விலகிப்போய்க் கால்கள் தரையில் அடித்தன. கொல்லைக் கதவருகே ஆம்பிளைகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முயல் என்று நான் கத்தினேன், முயலுக்கு, முயலுக்கு என்று எத்தனை முறை கத்தினேனோ, அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கொஞ்சநேரத்தில் சித்தியின் கால் நின்றுவிட்டது. கண் திறந்தபடி, வானத்தைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தாள்.

"அமந்துருச்சு" என்றார் ஒருவர்.

கம்பவுண்டர்தான் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த துண்டையும் முயலையும் பார்த்தார். துண்டை எடுத்து மோந்துவிட்டு, "அந்தம்மாவ விடுங்க. மருந்து முயலுக்குல்ல பட்டிருக்கு" என்றார். எல்லோரும் கையை எடுத்தார்கள். யாரோ சிரித்தார். உயிர் போகவில்லை என்கிற நிம்மதிச் சிரிப்புத்தான், ஆனால் சிரித்தார்கள். கம்பவுண்டர் முயலைக் கழுவச் சொல்லி, வாயைத் துடைத்து, எதையோ ஒரு துளி ஊசியில் ஏற்றினார். சித்தி எழுந்து சுவரில் சாய்ந்து வாந்தி எடுத்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு சுற்றி நின்ற ஒவ்வொருவரையும் நிதானமாகப் பார்த்தாள். அப்பாவையும் பார்த்தாள், முதல் தடவையாக நேருக்கு நேர்.

முயல் பிழைத்துவிட்டது. மறுநாள் மாலை ஒரு கீரைத்தண்டைத் தின்றது. அப்பா குழம்புப் பேச்சை எடுக்கவே இல்லை, தானே போய் ஒரு கட்டு அகத்தி வாங்கிவந்து பெட்டிமேல் வைத்தார். ஆனால் சாமி கும்பிடுக்கு முதல்நாள் காலையில் சித்தி தேனி பஸ்ஸுக்கு நின்றாள். ஒரு தகரப்பெட்டி, மார்போடு சுங்குடித் துணியில் சுற்றிய முயல், பிட்டத்தைத் தாங்கி ஒரு கை. அம்மா அழுது பார்த்தாள். முயல்தான் பிழைத்துவிட்டதே, அப்புறம் ஏன் போகிறாள் என்று அப்பா கடைசிவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

வடுகபட்டியில் தையல் மிஷின் போட்டு, பிறகு தேனியில் கடை வைத்து, சித்தி தன் காலில் நின்றுவிட்டாள். சித்தப்பா வரவே இல்லை. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் எல்லாம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். சின்னப்பிள்ளை, ஓடின ஓட்டத்தில் பாதி வார்த்தை வாயில் வரவில்லை, அதனால் பாவம் ஒருத்தி சோப்புத் தண்ணீர் குடித்தாள் என்று. நானும் கூடவே சிரித்திருக்கிறேன். கல்யாணங்களுக்குச் சித்தி வருவதில்லை.

பேத்தி வீட்டிலிருந்து திரும்பும்போது தேனியில் இறங்கிவிட்டேன். சித்திக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. தனியாகத்தான் இருக்கிறாள், கண் நன்றாகத் தெரிகிறது. காபி போட்டுக் கொடுத்தாள். ஐம்பது வருஷம் ஆகப்போகிறது, இனியும் வைத்திருந்தால் செரிக்காது என்று சொல்லிவிட்டேன். எனக்கு அன்று மூச்சு வாங்கியது உண்மைதான், ஆனால் வார்த்தை வராமல் இல்லை. ஓடும்போதே யோசித்துக்கொண்டுதான் ஓடினேன். முயல் என்று சொன்னால் சாயங்காலம் பார்க்கலாம் என்பார்கள். அதனால் முயலை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் சொன்னேன். வேண்டுமென்றேதான் சொன்னேன், சித்தி.

அவள் கோபப்படவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும். முயலுன்னா எவன் வருவான்? நீ சொன்னதுனாலதான் அது பெழச்சுச்சு" என்றாள். பிறகு கேட்டாள்.

"உன்னை ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். டீக்கடையில நீ சொன்னப்ப, ஒருத்தராச்சும், அவ அப்படிச் செய்ய மாட்டாளேன்னு சொன்னாகளா?"

நான் அந்தக் கடையில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் நினைத்துப் பார்த்தேன். அப்பா முகத்தை இரண்டு முறை நினைத்துப் பார்த்தேன்.

"இல்ல சித்தி."

சித்தி தலையை ஆட்டினாள். காபி ஆறுது, குடி என்றாள்.